முறுவலா முகமும் நூல்மொழியும்: ‘உதிர்ந்த இலைகள்’ என்னும் பின்லாந்துப் படம்

நகைச்சுவை என்றவுடன் நகைக்கும் முகமே நம் நினைவிற்கு வருகின்றது. முகம் சிறிதும் நகையாதிருக்கவும் காண்போர் நகைத்தல் எவ்வாறு என்பது ஆராய்தற்குரியதொரு வினாவாகும். மேலைநாட்டுத் திரைப்படக் கலையில் இவ்வகை நகைக்கு நெடிய வரலாறு உண்டு. பேசாப் படக் காலத்துப் பஸ்டர் கீட்டன் (1895–1966), வீட்டின் சுவரே தம்மேல் சாய்ந்து விழினும் முகம் மாறாது நின்று உலகைச் சிரிக்க வைத்தவர். அவ்வழியில் வந்தோருள் இக்காலத்துப் பெரிதும் பேசப்படுபவர் பின்லாந்து நாட்டு இயக்குநர் ஆக்கி கௌரிஸ்மாக்கி ஆவார். 1957ஆம் ஆண்டில் பிறந்த இவர், 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குவோல்லேத் லெஹ்தேத்’ என்னும் படமே ஈண்டு ஆராய எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

தமிழாராய்ச்சிக்குரிய இதழில் வடபுலத்துத் திரைப்படம் ஒன்றிற்கு இடமேன் என வினவுவார் இருக்கலாம். வினா முறையானதே. இப்படத்தைப்பற்றி உலகெங்கும் எழுதியோருட் பெரும்பாலார் முகத்தைக் கண்டனர், மொழியைக் கேட்டிலர். அவர் கேளாது விட்டது, ஒரு மொழிக்குள்ளேயே நூல்வழக்கென்றும் பேச்சுவழக்கென்றும் இரு வழக்கு நிற்கும் நிலைமையை ஒட்டியது. அந்நிலைமையைத் தமிழ் கற்றாருக்கு விளக்கவேண்டுவதில்லை. ஆதலின் இப்படத்தின் நகை எங்கிருந்து பிறக்கின்றது என்பதைப் பிறரினும் எளிதிற் காணும் வாய்ப்பு நமக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். ‘குவோல்லேத் லெஹ்தேத்’ என்பதற்கு நேர்ப்பொருள் ‘இறந்த இலைகள்’ என்பது. ஆங்கிலத்தில் ‘உதிர்ந்த இலைகள்’ எனப் பொருள்படும் பெயரே வழங்குகின்றது. பிரெஞ்சுக் கவிஞர் ழாக் பிரெவேர் எழுத, யோசெப் கோஸ்மா இசையமைத்த புகழ்பெற்ற பாடலொன்றின் பெயரும் ‘இறந்த இலைகள்’ என்பதேயாம். அதன் பின்னிய வடிவத்தை ஓலவி விர்த்தா (1915–1972) என்னும் பாடகர் பாட, அப்பாட்டோடு படம் முடிகின்றது. பின்னிய மொழியில் ‘லெஹ்தி’ என்னும் சொல் இலையையும் குறிக்கும். செய்தித்தாள், வார இதழ் ஆகியவற்றையும் குறிக்கும். நம்மொழியில் பூவின் இதழும் அச்சிட்ட இதழும் ஒரு சொல்லால் வழங்குதல் போல்வது இது. படத்தின் இறுதிப் பகுதியில், நினைவிழந்து கிடக்கும் காதலனருகே தலைவி அமர்ந்து இதழொன்றைப் படித்துக் காட்டுகின்றாள். இயக்குநர் இதனைக் கருதியே அமைத்தார் என்று கூறுதற்குச் சான்றில்லை. எனினும் பின்னிய மொழியினர் செவியில் இவ்விரு பொருளும் ஒலித்திருத்தல் கூடும்.

கதை மிகச் சுருங்கியது. ஹெல்சிங்கி நகரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில் ஆன்சா என்பாள் பணிபுரிகின்றாள். வாரத்திற்கு இத்துணை மணிநேர வேலை என்னும் உறுதியே இல்லாத ஒப்பந்தம் அவளுடையது. விற்பனைக் காலம் கடந்த உணவுப்பொருள்கள் குப்பைக்குச் செல்லவேண்டியவை. அவற்றுள் ஒன்றைத் தனக்கென எடுத்துக்கொண்டாள் என்பதற்காக அவள் வேலையினின்றும் நீக்கப்படுகின்றாள். உடன் பணிபுரியும் தோழியரும் தம் பையைத் திறந்து தாமும் எடுத்தமையைக் காட்டி வெளியேறுகின்றனர். இக்காட்சியில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஹோலப்பா என்பான் உலோகப் பட்டறைத் தொழிலாளி. மணலைக் காற்றின் விசையால் பீய்ச்சி இரும்பைத் துப்புரவு செய்வது அவன் தொழில். பணியிடத்திலேயே மதுக்குப்பியை மறைத்துவைத்துக் குடிப்பவன். பழுதுற்ற கருவியால் அவன் காயமுறுகின்றான். ஆயினும் குருதியில் மது காணப்பட்டமையின் குற்றம் அவனதாகி வேலை போகின்றது. இவ்விருவரும் பின்னணி இசைக்கேற்பப் பொதுமக்கள் பாடும் மதுவிடுதி ஒன்றில் ஒருவரையொருவர் காண்கின்றனர். பின்னர்த் திரைப்படம் ஒன்றிற்குச் செல்கின்றனர். அவள் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கின்றாள்; பெயரை அடுத்த முறை கூறுவதாகச் சொல்கின்றாள். அவன் சட்டைப் பையினின்றும் சிகரெட்டை எடுக்கும்போது அத்தாள் காற்றிற் பறந்து போகின்றது. பெயரும் அறியான், எண்ணும் இல்லை. நாள்தோறும் அத்திரையரங்கின் வாயிலிற் காத்து நிற்கின்றான். அவன் காத்து நின்ற செய்தியைத் தரையிற் கிடக்கும் சிகரெட்டுத் துண்டுகள் அவளுக்குச் சொல்கின்றன.

மீண்டும் காண்கின்றனர். அவள் அவனை உணவிற்கு அழைக்கின்றாள். தனியே வாழ்பவள் ஆதலின் அவளிடம் ஒரு தட்டே உண்டு; ஆகவே கடைக்குச் சென்று இன்னொரு தட்டும் முட்கரண்டியும் கத்தியும் வாங்குகின்றாள். உணவின்போது அவன் ஒளித்துக் குடிப்பதைக் கண்டுகொள்கின்றாள். தன் தந்தையும் உடன்பிறந்தானும் குடியால் மாண்டதையும் தாய் அத்துயரால் மாண்டதையும் அவள் கூறுகின்றாள். பிறர் சொற்குக் கீழ்ப்படிபவன் தானல்லன் எனக் கூறி அவன் போய்விடுகின்றான். அவள் அப்புதிய தட்டைக் குப்பையில் இடுகின்றாள். அழுகை இல்லை, இசையின் உரத்த எழுச்சி இல்லை. கொல்லப்பட இருந்த தெருநாய் ஒன்றை அவள் எடுத்து வளர்க்கின்றாள். காலம் சென்றபின் அவன் குடியை விடுகின்றான், தொலைபேசியிற் பேசுகின்றான், அவள் வருக என்கின்றாள். விரைந்து செல்லும் வழியில் இரயில் மோதி நினைவிழக்கின்றான். மோதலை நாம் காண்பதில்லை. பின் எழுகின்றான். இருவரும் நாயும் நடந்து செல்கின்றனர். இவ்வளவே.

பிரான்சு நாட்டுக் கான் நகரில் 2023ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்ற திரைப்பட விழாவில் இப்படம் முதன்முதற் காட்டப்பட்டு நடுவர் குழுப் பரிசைப் பெற்றது. அவ்வாண்டின் தலைப்பரிசு ‘ஒரு வீழ்ச்சியின் கூறாய்வு’ எனப் பொருள்படும் பெயருடைய பிரெஞ்சுப் படத்திற்குச் சென்றது. பன்னாட்டுத் திரைப்படத் திறனாய்வாளர் கூட்டமைப்பு தன் ஆண்டுப் பெரும்பரிசை இதற்கு அளித்தது; அப்பரிசை இதே இயக்குநர் 2002ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் முன்பே பெற்றிருந்தார். அமெரிக்க நாட்டுக் கோல்டன் குளோப் பரிசிற்கு, ஆங்கிலமல்லாத மொழிப் படவகையில் இப்படமும், நகைச்சுவை அல்லது இசைப்பட நடிகை வகையில் ஆன்சாவாக நடித்த ஆல்மா பொய்ஸ்தியும் முன்மொழியப்பட்டனர், பரிசு கிட்டவில்லை. ஆஸ்கர் பரிசிற்குப் பின்லாந்து இதனையே அனுப்பியது. பதினைந்து படங்களடங்கிய பட்டியலில் இடம்பெற்றதாயினும், இறுதி ஐந்தனுள் இடம்பெறவில்லை. ‘டைம்’ இதழின் திறனாய்வாளர் அவ்வாண்டின் சிறந்த படமாக இதனையே முதலில் வைத்தார்.

பரிசுகளின் பட்டியலால் ஒரு படைப்பின் தகுதி துணியப்படாது என்பது உண்மையே. கௌரிஸ்மாக்கி தாமே பரிசு மேடைகளைப் பொருட்படுத்தாதவர். ‘இறந்தகாலம் இல்லாத மனிதன்’ என்னும் அவர் படம் 2002ஆம் ஆண்டில் கான் விழாவின் இரண்டாம் பெரும்பரிசைப் பெற்று ஆஸ்கருக்கும் முன்மொழியப்பட்டபோது, ஈராக்கின்மேல் அமெரிக்கா தொடுத்த போரைக் கண்டித்து அவர் 2003ஆம் ஆண்டு விழாவிற்குச் செல்லவில்லை. அதற்குமுன், ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமிக்கு நுழைவு இசைவு மறுக்கப்பட்டமையால் நியூயார்க்கு விழாவையும் புறக்கணித்தார். முகத்தில் உணர்ச்சி காட்டாத மாந்தரைப் படைப்பவர் உணர்ச்சியற்றவர் அல்லர் என்பதற்கு இவை சான்றாகும்.

திறனாய்வாளர் எழுதியவற்றுள் திரும்பத்திரும்ப வரும் சொல் ‘மௌனம்’ என்பது. பின்லாந்து மக்கள் இயல்பாகவே பேச்சுக் குறைந்தோர்; ஆதலின் இப்படத்து மாந்தரும் சிலவே பேசுகின்றனர் என்பது அவர் விளக்கம். இக்கருத்துப் பழையது. 1940, 1941ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்த செருமானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டு, பின்னியர் இரண்டு மொழிகளில் மௌனம் காப்போர் என்று நகையாடியவர். பின்னியம், சுவீடியம் என்னும் இரண்டும் அங்கு அரசு மொழிகளாதல் கருதிய நகை அது. ஆனால் ஒரு மக்களின் இயல்பைக் காட்டி ஒரு கலைஞனின் தெரிவை விளக்குதல் பொருந்துமா? பின்லாந்தின் பிற இயக்குநர் படங்களில் மாந்தர் உரக்கப் பேசுகின்றனர், சினக்கின்றனர், சிரிக்கின்றனர். ஹோலப்பாவாக நடித்த யுஸ்ஸி வத்தானேன் அந்நாட்டு வழக்கமான நகைச்சுவைப் படங்களில் நடித்துப் புகழ்பெற்றவர். அம்முகம் அசையவல்லதே. இப்படத்தில் அசையாமை இயக்குநர் வேண்டிப் பெற்றது.

அதற்கு முன்னோடிகளும் உளர். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெசோன், சப்பானிய இயக்குநர் ஓசு, சாப்ளின் ஆகிய மூவரையும் தாம் போற்றும் தெய்வங்களாகவே கௌரிஸ்மாக்கி இப்படம்பற்றிய தம் குறிப்பிற் சொல்லியுள்ளார். நடிகர் ‘நடித்தலை’ விலக்கியவர் பிரெசோன். பெருந்துயரையும் தேநீர்க் கோப்பையருகே அமர்ந்து சொல்லவைத்தவர் ஓசு. இவ்விருவரிடமிருந்து அடக்கத்தையும், சாப்ளினிடமிருந்து எளியோர்பாற் பரிவையும் இவர் பெற்றார் எனலாம்.

இனி, தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் வகுத்த நெறிகொண்டு நோக்கின் ஒரு சிக்கல் தோன்றுகின்றது. உள்ளத்து நிகழ்வது கண்டோர்க்குப் புலனாகுமாறு மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பர் உரையாசிரியர். நடிப்பவர் மெய்யில் ஒன்றும் வெளிப்படாதபோது காண்பவர் உள்ளத்தே உணர்ச்சி எங்ஙனம் பிறக்கும்? முகம் ஒருகாலும் அசைவதே இல்லை என்பது மிகை. அரிதாகச் சிறு முறுவல் தோன்றுவதுண்டு. எனினும் பொதுவாக முகத்திற்குரிய பணியைப் பொருள்களே ஏற்றுக்கொள்கின்றன. தரையிற் கிடக்கும் சிகரெட்டுத் துண்டுகள் காத்திருப்பைக் கூறுகின்றன. இரண்டாவது தட்டு வாங்கப்படும்போது நம்பிக்கையையும், எறியப்படும்போது அதன் முறிவையும் உரைக்கின்றது. அகப்பாட்டில் தலைவி வாய்திறவாதிருப்பக் கருப்பொருள் அவள் நிலையை உணர்த்தும் முறைமையைக் கற்றவர்க்கு இது புதிதன்று. ஆயின் இவ்வொப்புமையை இவ்வளவில் நிறுத்துதலே நன்று. அகப்பாட்டின் பொருள்கள் இயற்கையின. இப்படத்தின் பொருள்களோ கடையில் விலைக்கு வாங்கப்படுவன. அவற்றின் விலையும் அவள் ஊதியமும் கதையின் பகுதியாகும்.

பொருள்களால் துயரம் புலனாதல் விளங்கிற்று. நகை பிறத்தற்கு அது மட்டும் போதாது. ஒரு காட்சியைக் கருதுவோம். இருவரும் முதன்முதற் சென்று காணும் படம் ஜிம் ஜார்முஷ் என்னும் அமெரிக்க இயக்குநரின் ‘இறந்தோர் இறப்பதில்லை’ (2019) என்பது; பிணங்கள் எழுந்து நடமாடும் கதை. கௌரிஸ்மாக்கியின் நண்பர் ஜார்முஷ் என்பதை அறிந்தோர் அப்போதே நகைப்பர். அரங்கினின்றும் வெளிவரும் முதியோர் இருவருள் ஒருவர், அப்படம் பிரெசோனின் கிராமத்துப் பாதிரியார் படத்தைத் தமக்கு நினைவூட்டிற்று என்கின்றார். மற்றவர் கொதாரின் படமொன்றைக் கூறுகின்றார். அடுத்து ஆன்சா, தான் முன் எப்போதும் இவ்வளவு சிரித்ததில்லை என்னும் கருத்துப்பட ஒரு தொடர் கூறுகின்றாள். கூறும்போது அவள் முகத்தில் சிரிப்பின் சுவடும் இல்லை. அரங்கினுள்ளும் அவள் சிரித்திலள்.

எம் துறை மாணவர் சிலருடன் யான் இப்படத்தைக் கண்டபோது இவ்விடத்தில் எல்லோரும் நகைத்தனர். பின்னர் நிகழ்ந்த உரையாடலில் ஒரு மாணவி வினவிய வினா இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று. வேலையிழந்தவளையும் குடிப்பழக்கத்தில் அழுந்தியவனையும் பார்த்து நாம் நகைக்கின்றோமே, இஃது எள்ளல் அன்றோ என்பது அவ்வினா. அப்போது தக்க விடை என்னிடம் இல்லை. நகைக்கு நிலைக்களன் நான்கு என்று வகுத்த தொல்காப்பியனார் அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார் என்பதும் அவ்வினாவிற்கு வலுவூட்டியது. எளியோரைக் கண்டு எள்ளி நகைப்பதே இப்படம் நம்பால் எழுப்பும் சுவையாயின், அது பெற்ற பரிசுகளெல்லாம் பழியே ஆகும். விடையைப் பின்னிய மொழியின் இலக்கணத்தில் தேட நேர்ந்தது.

இக்கட்டுரையாளன் பின்னிய மொழியிற் புலமை உடையவன் அல்லன். மொழிநூலார் அம்மொழிபற்றி எழுதியவற்றைக் கற்ற அளவே அறிந்தவன். பின்னியத்தில் நூல்வழக்கு ‘கிர்யகியெலி’ எனவும் பேச்சுவழக்கு ‘புஹெகியெலி’ எனவும் வழங்கும். ‘கிர்ய’ என்பது நூல். ‘புஹெ’ என்பது பேச்சு. ‘கியெலி’ என்பது மொழியையும் நாவையும் குறிக்கும் சொல். நூல்வழக்கின் வரலாறு மிகப் பழையதன்று. மிக்கேல் அக்ரிகோலா என்னும் சமயப் பெரியார் 1543ஆம் ஆண்டளவில் எழுத்தறிவு நூலையும் 1548ஆம் ஆண்டில் விவிலியப் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டமையால் அது தொடங்கிற்று. நெடுங்காலம் சுவீடியமே ஆட்சிமொழி. 1809ஆம் ஆண்டில் நாடு உருசியப் பேரரசின்கீழ் வந்தபின், 1835ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கலேவலா’ தொகுப்பும், 1863ஆம் ஆண்டின் மொழி ஆணையும் பின்னியத்தை உயர்த்தின. மேலைத் திசைவழக்குகளினின்றும் கீழைத் திசைவழக்குகளினின்றும் கொண்டும் தள்ளியும் 19ஆம் நூற்றாண்டு அறிஞர் நூல்வழக்கை ஒழுங்குசெய்தனர். ஆகவே அது யாருக்கும் வீட்டுமொழி அன்று, பள்ளியிற் கற்பது.

இரண்டற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. ‘நான் இருக்கிறேன்’ என்பது நூல்வழக்கில் ‘மினா ஒலென்’. ஹெல்சிங்கிப் பேச்சில் ‘மா ஓன்’. இன்னும் நுட்பமானதொரு வேறுபாடு தமிழ் இலக்கணம் கற்றாரை ஈர்க்கவல்லது. பின்னியத்தில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு சுட்டுப்பெயரில் இல்லை. ஆனால் நூல்வழக்கில் மக்களைச் சுட்ட ‘ஹான்’ என்றும், அல்லனவற்றைச் சுட்ட ‘செ’ என்றும் வேறு வேறு சொற்கள் உண்டு. ஏறக்குறைய நம் உயர்திணை அஃறிணைப் பகுப்பே அது. பேச்சுவழக்கிலோ மக்களையும் ‘செ’ என்றே சுட்டுவர். அதில் இழிவுக்குறிப்பு ஏதுமில்லை. அன்றாடப் பேச்சின் இயல்பே அது. எனினும் நூல்வழக்கில் ஒருவர் பேசுவாராயின், மனிதனை மனிதனாகச் சுட்டும் சொல்லே அவர் வாயில் வரும்.

கௌரிஸ்மாக்கியின் மாந்தர் நூல்வழக்கிற் பேசுவோர். பட்டறைத் தொழிலாளியும் மதுவிடுதியிற் பாத்திரம் துலக்குபவளும் அச்சிட்ட நூலைப் படிப்பார்போல, எழுத்துக் கெடாமல், தொடர் முற்றுப்பெறப் பேசுகின்றனர். பின்னிய மக்களுள் யாரும் தெருவில் அவ்வாறு பேசுவதில்லை. இந்நெறியை இயக்குநர் இப்படத்தில் புதிதாக மேற்கொள்ளவில்லை. ‘சொர்க்கத்தில் நிழல்கள்’ (1986), ‘ஆரியல்’ (1988), ‘தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்’ (1990) என்னும் தொழிலாளர் முப்படங்களிலிருந்தே இது தொடர்கின்றது. ‘உதிர்ந்த இலைகள்’ அம்மூன்றன் நான்காம் உறுப்பாகக் கருதப்படுவது. படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளில் இஃது எதுவும் வாராது. தொடரின் சுருக்கம் மட்டும் வரும். அதன் நூற்றன்மை போய்விடும். ஆதலின் அயல்நாட்டார் கண்டது முகமும் சுருக்கமும் மட்டுமே; அதற்கு அவர் இட்ட பெயர் மௌனம்.

இப்பொழுது ஆன்சாவின் தொடரை மீண்டும் கருதுக. இவ்வளவு சிரித்ததில்லை என்று ஒருத்தி பேச்சுத்தமிழில் முகம் மாறாது கூறின், அவள் பொய் கூறுகின்றாள் எனவோ ஏளனம் செய்கின்றாள் எனவோ கொள்வோம். அதனையே திருத்தமான நூல்வழக்கில், உறுதிமொழி கூறுவாள்போலக் கூறின், அது வாக்குமூலம் போன்றதோர் உண்மையாகிவிடுகின்றது. சிரிப்பு முகத்தில் இல்லை. ஆயினும் அவள் சொல்லை நாம் நம்புகின்றோம். முகத்திற்கும் சொல்லிற்கும் உள்ள இந்த இடைவெளியே நகையின் பிறப்பிடம். அந்நகை அவள்மேற் செல்வதன்று. இத்துணை மதிப்பான மொழிக்கு உரியவர் இத்துணை மதிப்பற்ற வாழ்வில் வைக்கப்பட்டனரே என்னும் பொருந்தாமையின்மேற் செல்வது. தனக்குக் குடி துயரத்தாலும் துயரம் குடியாலும் உண்டாகின்றது என்று ஹோலப்பா தன் நண்பனிடம் ஏரணமுறை பிறழாமல் கூறுகின்றான். அளவை நூலார் வட்டமாகச் சுழலும் ஏதுவைக் குற்றம் என்பர். அவன் வாழ்க்கையே அக்குற்றத்தின் வடிவாக இருப்பதை அவன் அறிந்தே சொல்கின்றான். அறிந்து சொல்பவனைப் பேதை என்று நகைக்க இயலாது.

எந்தப் பாத்திரத்திற்கு எந்த மொழி என்பது பழங்கால முதல் கலைஞர் கருதிய ஒன்று. வடமொழி நாடகங்களில் அரசரும் அந்தணரும் வடமொழி பேசப் பெண்டிரும் ஏவலரும் பாகதம் பேசுவர். மொழியின் படிநிலையும் மாந்தர் படிநிலையும் அங்கு ஒத்துச் செல்கின்றன. அதனைப் புரட்டுதற்கு இரு வழி உண்டு. ஒன்று, எளியோர் பேச்சை உள்ளவாறே மேடையேற்றி அதற்கு மதிப்பளித்தல். மற்றொன்று, உயர்வழக்கை எளியோர்க்கே உரியதாக்குதல். 1952ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பராசக்தி’யில் வறுமையுற்ற தலைவன் வழக்குமன்றத்திற் செந்தமிழில் முழங்கியதை நாம் அறிவோம், அஃது இரண்டாம் வழி. கௌரிஸ்மாக்கியும் அவ்வழியினரே. ஆனால் ஆங்கு உயர்வழக்கு வெள்ளமெனப் பெருகுகின்றது. ஈங்கு ஒரு நாழி நீர்போல் அளந்து தரப்படுகின்றது. பெருக்கு, மன்றத்தை வெல்லுதற்கு. அளவு, வெல்ல வழியில்லாதவன் தன்னை இழவாமல் நிற்றற்கு. மாணவியின் வினாவிற்கு யான் கண்ட விடை இது.

இம்மொழிநிலையை ஏற்றுக்கொண்டால் படத்தின் மற்றொரு கூறும் விளங்கும். ஆன்சாவின் வீட்டில் பழைய வானொலி ஒன்று உண்டு. அதனை இயக்குந்தோறும் உருசியா உக்ரைன்மேல் 2022ஆம் ஆண்டில் தொடுத்த போரின் செய்தியே வருகின்றது. மரியுபோல் நகரத்தின் அழிவு கூறப்படுகின்றது. அவள் கேட்கின்றாள், நிறுத்துகின்றாள். இச்செய்திகள் காதற்கதையோடு ஒட்டவில்லை என்று குறைகூறினோர் உண்டு. உருசியாவோடு 1,300 கிலோமீட்டரினும் மிக்க எல்லையும், 1939–40ஆம் ஆண்டின் குளிர்காலப் போரின் நினைவும் உடைய நாடு பின்லாந்து. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் வட அத்திலாந்திய உடன்படிக்கை அமைப்பிற் சேர்ந்தது. அந்நாட்டார்க்கு அவ்வானொலி வெறும் பின்னணி ஒலி அன்று. அன்றியும், நாள்தோறும் நூல்வழக்கை இயல்பாகப் பேசுவோர் ஒருவர் உண்டெனின் அவர் வானொலியிற் செய்தி வாசிப்பவரே. ஆதலின் படத்தினுள் போர்ச்செய்தியும் காதலர் பேச்சும் ஒரே வழக்கில் ஒலிக்கின்றன. நாட்டின் பொதுச்செய்திக்கு உரிய மொழியில் இரு தொழிலாளர் தம் தனிச்செய்தியைப் பேசுகின்றனர் என்பது செவிக்குப் புலனாகின்றது. ஒட்டவில்லை என்றோர் இதனைக் கேட்டிலர்.

மற்றொரு குறைபாடு எளிதில் தள்ளத்தக்கதன்று. இவர் ஒரே படத்தையே மீண்டும் மீண்டும் எடுக்கின்றார் என்பது அது. அதே வண்ணச் சுவர்கள், அதே பழைய இசைப்பெட்டிகள், அதே மதுவிடுதி, ஒளிப்பதிவாளரும் பல்லாண்டுகளாக அதே திமோ சல்மினேன். போர்ச்செய்தி 2022ஆம் ஆண்டினது. சுவரிலுள்ள நாட்காட்டியோ 2024ஆம் ஆண்டைக் காட்டுகின்றது. வீட்டுப்பொருள்களோ அரை நூற்றாண்டிற்கு முற்பட்டவை. வறுமையை இவர் அழகுபடுத்திவிடுகின்றார் என்னும் கூற்றில் ஓரளவு உண்மை உண்டென்றே கருதுகின்றேன். ஆன்சாவின் சிறு வீட்டில் ஒவ்வொரு நிறமும் ஓவியன் வைத்ததுபோல் உள்ளது. ஊதியமின்றி வாழ்வோர் வீடு அவ்வாறு இராது. எனினும், 2018ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரை ஆண்டுதோறும் உலகின் மகிழ்ச்சி மிக்க நாடென அறிக்கைகளில் முதலிடம் பெற்ற நாட்டில், அம்மகிழ்ச்சியின் கணக்கில் வாராதோரை நாற்பதாண்டுகளாக ஒருவர் விடாது காட்டி வருதலைப் பழையது பாடுதல் என்று மட்டும் கூறிவிட இயலுமா? 2017ஆம் ஆண்டில் ‘நம்பிக்கையின் மறுபக்கம்’ என்னும் படத்திற்காகப் பெர்லினில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றபோது, இனிப் படம் எடுப்பதில்லை என்று கூறியவர் இவர். ஆறாண்டின்பின் திரும்பி வந்தார். புதியதொரு முறையோடு வரவில்லை. பழைய முறையையே, முன்னினும் சுருக்கமாகவும் முன்னினும் பரிவோடும் கையாண்டார். யான் இதனைக் குறையென்று கொள்ளேன். ஆயினும் முதன்முதலாக இவர் படத்தைக் காண்போர் 1990ஆம் ஆண்டின் தீப்பெட்டித் தொழிற்சாலைப் படத்தினின்றும் தொடங்குவதே முறை என்பேன். அதன் கடுமையை அறிந்தார்க்கே இதன் கனிவு தெரியும்.

இறுதிக் காட்சியில் மருத்துவமனைக்கு வெளியே இருவரும் நிற்கின்றனர். அவன் ஊன்றுகோலோடு நிற்கின்றான். நாயின் பெயர் என்ன என்று வினவுகின்றான். சாப்ளின் என்று விடை வருகின்றது. இலைகள் உதிர்ந்து கிடக்கும் பூங்காவழியே, சாப்ளினின் ‘நவீன காலம்’ (1936) முடியுமாறு போல, புறங்காட்டி நடந்து செல்கின்றனர். படத்திலுள்ள சொற்களுள், அடியிலோடும் வரியும் பேசுவோர் வாயும் சிறிதும் வேறுபடாத சொல் அந்நாயின் பெயர் ஒன்றே. எம் மாணவர் அவ்விடத்தில் வரியைப் படிக்குமுன்பே நகைத்துவிட்டனர்.